ஜாஹிதா கேட்கும் கேள்வி

சூலூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக ரத்தம் எடுப்பவள் ஜாஹிதா. அவள் குத்தினால் வலிக்காது என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவளைக் கவிழ்த்தது நம் ஊர் மரியாதை. ஒருநாள் காலை, வெறும் வயிற்றோடு காத்திருந்த இரண்டு பெண்களில் ஒருவரைப் பார்த்து, "கருப்பாத்தாளுங்களா?" என்றாள். அவர் மாராத்தாள். ஆனாலும் "ஆமாங்க" என்றார். வெள்ளைக் கோட்டு கேட்டதற்கு இல்லை என்று சொல்லி நமக்கு எங்கே பழக்கம்? அடுத்து வந்த கருப்பாத்தாளிடம், "அப்ப நீங்க மாராத்தாளுங்களா?" என்றாள். பசி மயக்கத்தில் அவரும் ஆமாங்க போட்டார். குழாய்களில் பெயர்கள் மாறி ஒட்டிக்கொண்டன.

இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை தின்ற கருப்பாத்தாள், நான்காம் நாள் தறியடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். அவருக்குச் சர்க்கரையே இல்லை என்று அங்கே சொன்னார்கள். தேறியதும் ரிப்போர்ட்டோடு நியாயம் கேட்க வந்தார். அவர் கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்ததும், அன்று ஊசி போட்ட கை அது என்று ஜாஹிதாவுக்கு நினைவு வந்தது. அந்தக் கையின் ரத்தத்துக்கு அவள் எழுதிய பெயர் மாராத்தாள்.

மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று முதலாளி சாய்குமார் உள்ளே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். அவளுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாராத்தாள், முந்நூறைத் தாண்டிய சர்க்கரையோடு, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி எங்கேயோ ஜிலேபி தின்றுகொண்டிருப்பாரே! வெளியே வந்தாள்.

"மெஷின் இல்லீங்கம்மா. நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன்."

கருப்பாத்தாள் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜாஹிதா அழுதுகொண்டே மாராத்தாளுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். அன்றே அவருக்கு வைத்தியம் தொடங்கியது.

மறுநாளிலிருந்து யாரிடமும் அவள், நீங்கள் இன்னாரா என்று கேட்பதில்லை. பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வாள். அவர்கள் எழுவதற்கு முன்பே குழாயில் எழுதிக் காட்டுவாள். பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கருப்பாத்தாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பெயர் ஜாஹிதாவுக்கு மறக்குமா? ஆனாலும் கேட்டாள்.

"உங்க பேரென்னங்கம்மா?"

"கருப்பாத்தா. கோயமுத்தூர்ல பெரிய லேபுக்குப் போனேன் கண்ணு. கருப்பாத்தாளுங்களான்னு கேட்டாங்க. எந்திரிச்சு வந்துபோட்டேன்" என்று கையை நீட்டினார்.