செவ்வாய்க்கிழமை ஆறு மணிக் கூட்டம்

என் பழைய தோல் பர்ஸில் ஒரு துணிக்கடை பில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், மேலே டாக்டர் ஒருவரின் கோழிக்கிறுக்கலில் அடையாற்று முகவரி. கீழே, துணியில் அடையாளம் போடும் ஊதாப் பென்சிலால் அண்ணாச்சி எழுதிய நான்கு வரிகள். மடிப்பு விழுந்த இடங்களில் தாள் கிழிந்துவிட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

தி. நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஜவுளிக்கடையில் அண்ணாச்சிதான் மூத்த விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பட்டுப் புடவையை உதறி விரித்தால், வாங்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவருக்கு ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும். அரசாங்கம் மதுக்கடைகளைத் திறந்த புதிதில் உடம்பு வலிக்கு என்று சொல்லித்தான் தொடங்கினார். ஓராண்டுக்குள் காலையில் கத்தரிக்கோலை எடுத்தாலே கை நடுங்கியது. ஒருநாள் ரவிக்கைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டார். வாங்க வந்த அம்மாள் போட்ட சத்தத்தில் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ஊருக்கு டிக்கெட்தான்” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அன்றைக்கே பக்கத்துத் தெரு டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். குடியை விட நினைப்பவர்கள் அடையாற்றில் ஒரு சர்ச்சுக்குப் பின்னாலுள்ள சின்ன ஹாலில் செவ்வாய்தோறும் ஆறு மணிக்குக் கூடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டுமாம். யாரும் சிரிக்க மாட்டார்களாம். அண்ணாச்சியின் சட்டைப் பையிலிருந்த பில்லை வாங்கி முகவரியை எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று நாள் அண்ணாச்சி பாட்டிலைத் தொடவில்லை. சோறு இறங்கவில்லை, வியர்த்துக் கொட்டியது. பேச வேண்டியதை அந்தத் தாளிலேயே எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தார். “ஒத்தையில போனா பாதியில திரும்பிருவேன். நீயும் கூட வா, தம்பி” என்றார். அண்ணாச்சியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவதாக முதலாளியிடம் சொல்லி இரண்டு மணி நேரம் வாங்கினேன். பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பஸ்ஸை விட்டு இறங்கினால், டாக்டரின் கிறுக்கலில் தெருப் பெயர் பிடிபடவில்லை. முனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம், “இங்கே கூட்டம் எங்கே நடக்குது?” என்று கேட்டேன்.

“இன்னா கூட்டம் நைனா?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீற்றோடு நிற்கிற மனிதரை வைத்துக்கொண்டு சர்ச் என்றும் குடி என்றும் எப்படிச் சொல்வது? “பஜனை” என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர் அவர். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுப் போனார். உள்ளே முருகன் பஜனை நடந்துகொண்டிருந்தது. ஒரு மாமி எங்களை முன் வரிசையிலேயே உட்கார வைத்தார். இடம் தப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் தீபாராதனைக்கு முன் நடுவில் எழுந்து போவது அபசாரம் என்று வளர்ந்தவன் நான். முன் வரிசை வேறு. அண்ணாச்சியோ, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள் போல என்று நினைத்திருக்கிறார். கையில் தாளோடு, விரல்களால் தாளம் போட்டுக்கொண்டு, “நம்மள எப்பம் எழுந்திரிக்கச் சொல்லுவாவ?” என்று என் காதில் கேட்டார். நான் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தேன். சுண்டல் கொடுத்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

அதன்பின் தேடிப் போய்ச் சேர்ந்தபோது ஏழே கால். ஹாலைப் பூட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன், “இப்பத்தான் அல்லாரும் போனாங்கோ. அடுத்த செவ்வா வா நைனா” என்றார்.

பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி திடீரென்று நிமிர்ந்து, தாளைப் பார்க்காமலே, தன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். “நான் குடிகாரன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “மெதுவா அண்ணாச்சி. ஆளுங்க பாக்கறாங்க.”

அவர் நிறுத்திக்கொண்டார். தாளை மடித்து என்னிடம் நீட்டினார். “அடுத்த வாரத்துக்கு நீயே வச்சிரு, தம்பி. எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிரும்.” மாம்பலம் வந்ததும் என்னை அறைக்குப் போகச் சொல்லிவிட்டு அவர் மட்டும் வேறு பக்கம் திரும்பினார். எங்கே போகிறார் என்று தெரியும். தடுக்கக் கை வரவில்லை.

அடுத்த செவ்வாய் கடையில் தீபாவளிக் கூட்டம், முதலாளி லீவு தரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. பண்டிகை முடிந்ததும் சொன்னபடியே செய்தார். அண்ணாச்சியை எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். பங்குனியில் அவர் ஊரிலிருந்து, சாவுச் செய்திக்குச் செய்வதுபோல் ஓரத்தில் கறுப்பு மை தடவிய அஞ்சலட்டை வந்தது. அன்றுதான் தாளைப் பிரித்து மீதி இரண்டு வரிகளைப் படித்தேன். “என்னால் ஒற்றையில் நிறுத்த முடியவில்லை. கூட ஒரு ஆள் இருந்தால் நிறுத்திவிடுவேன்.”

போன மாதம் மகன் என்னைக் காரில் அடையாறு வழியாக அழைத்துப் போனான். அந்த ஹாலின் கேட்டில் இப்போது போர்டு மாட்டியிருக்கிறார்கள். எதற்கான கூட்டம், என்ன கிழமை, எத்தனை மணி, எல்லாம் கொட்டை எழுத்தில், அம்புக்குறியோடு. சிக்னலில் கார் நின்றபோது என்னையறியாமல் பர்ஸைத் திறந்து அந்தத் தாளை எடுத்திருக்கிறேன்.

“என்னப்பா அது?” என்றான் மகன்.

“ஒண்ணுமில்ல. பழைய பில்” என்று மடித்து உள்ளே வைத்தேன்.