கறுப்பு மேலேதான்

வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டு, ஹில்க்கா கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். கனடாவின் தண்டர் பே நகரில் ஜனவரி மாதம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. கணவன் ஏரோ சமையலறை மூலையில் பனிக்கோட்டும் தொப்பியுமாக, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

"பேசாதே. உன் மூச்சு பட்டாலே படலம் ஆடுது" என்கிறாள்.

"மூச்சையும் நிறுத்திட்டா அப்புறம் ஆம்புலன்சைத்தான் கூப்பிடணும்."

ஹீட்டர் ஊதினால் சோப்புப் படலம் நடுங்கும். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பட்டென்று உடையும். அதற்காகத்தான் இத்தனை கூத்து. கம்பி வளையத்தைச் சோப்பும் கிளிசரினும் கலந்த நீரில் முக்கி, கறுப்பு வெல்வெட்டுத் துணிக்கு முன்னால் நிறுத்துகிறாள். கேமரா லென்ஸ் நான்கு விரல் தூரத்தில். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் கை, அசையாது. பச்சையும் ரோஜாவும் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். பிறகு மஞ்சள், வெள்ளி. கடைசியில் உச்சியில் கறுப்பு பிறக்கும். படலம் அங்கே அவ்வளவு மெலிந்துவிட்டது, எந்த நொடியும் உடையலாம். அந்த நொடிக்காக ஒரு குளிர்காலத்தில் நாலாயிரம் படம்.

அவற்றில் ஒன்றை ஊர் நூலகம் கேட்டு வாங்கி, மூன்றடி உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியது. சனிக்கிழமை பார்க்கப் போன ஹில்க்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நூலகப் பொறுப்பாளர் ட்ரெவரைக் கையோடு அழைத்து வந்தாள்.

"தலைகீழா மாட்டியிருக்கீங்க."

"அப்படியா மேடம்? கறுப்பு கீழ இருந்தா ராத்திரி ஏரி மாதிரி இருக்கு, மேல வானத்துல கலர் கலரா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கே!"

"ஏரியா? தண்ணி கீழதானய்யா இறங்கும்! மேல மெலிஞ்சாத்தான் கறுப்பே வரும். உங்க அம்மா போட்டோவைத் தலைகீழா மாட்டிட்டு, கால் மேல இருந்தாத்தான் அழகுன்னு சொல்வீங்களா?"

ட்ரெவர் சிரித்தார். நாத்தனார் வருடா வருடம் "இன்னும் குழந்தை விளையாட்டு முடியலையா?" என்று கேட்பதை ஹில்க்கா பொறுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், வளையமும் சோப்புநீர்ப் புட்டியுமாகத் திரும்பி வந்தாள்.

புத்தகம் வாங்கும் மேசையிலேயே முக்கி எடுத்தாள். யாரோ கதவைத் திறந்தார்கள், உடைந்தது. யாரோ இருமினார்கள், மறுபடியும் உடைந்தது. மூன்றாவது நின்றது. ட்ரெவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நிறங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. உச்சியில் கறுப்பு விரிந்தது. படலம் உடைந்து அவர் கண்ணாடியில் ஒரு துளி தெறித்தது.

"புரியுது மேடம். நீங்க சொல்றது சரிதான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இப்படி இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கு. 'இரவு ஏரி'ன்னு அட்டைகூட அடிச்சாச்சு."

ஹில்க்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பனி பூட்சோடு ஏறினாள். படத்தைக் கழற்றி, பின்புறக் கம்பியை மறுமுனைக்கு மாற்றி, நேராக மாட்டினாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து தடித்த மார்க்கர் பேனாவை எடுத்து, படத்தை ஒட்டிய வெள்ளைச் சுவரில், மேல்நோக்கி ஒரு முழ நீளத்துக்கு அம்புக்குறி போட்டாள்.