வாப்பாவுக்குப் படித்த பாட்டு

கிழக்கிலங்கையில் முஸ்லிம் ஊரான எங்கள் சாய்ந்தமருதில் பங்க் பேண்ட் வைத்திருந்தோம் என்றால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாங்கள் மூன்று பேர்: கிற்றார் அடிக்கிற என் கூட்டாளி, டிரம்ஸ் அடிக்கிற, பக்கத்து ஊர்ப் பெரியநீலாவணைத் தமிழ்ப் பொடியன், தொண்டை கிழியக் கத்துகிற நான். பங்க் என்றால் ராகம் தெரியாதவன் கோபத்தில் படிக்கிற பாட்டு. எங்களிடம் ராகம் இல்லை, கோபம் தாராளமாக இருந்தது.

பழகியது என் மாமாவின் அரிசி மில்லில். மெஷின் ஓடும்போது மட்டும்தான் அடிப்போம். அப்படியும் சிலர் மாமாவிடம் போய், மில்லில் ஏதோ பழுது என்று சொன்னார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னால் பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவோம். டிரம்ஸ்காரன்தான் முதலில் குச்சியைக் கீழே வைப்பான். கட்சி மாறும் எம்பிமார், கடற்கரையில் கொட்டும் குப்பை என்று எல்லாவற்றையும் ஏசிப் படித்தோம். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர், மீதிப் பேர் எங்களை ஏச வந்தவர்கள்.

பிறகு கொரோனா வந்தது. அதில் மௌத்தானவர் முஸ்லிம் என்றாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கிற்றார்காரனின் வாப்பா அப்போதுதான் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். மையத்தைக் குளிப்பாட்டவில்லை, கஃபன் துணி சுற்றவில்லை, எரித்துவிட்டார்கள். யா அல்லாஹ், இதை எழுதும்போதும் ஆத்திரம் தீரவில்லை.

"நாங்க எரிக்கிறது எங்கட முறை. உங்கட ஆக்கள எரிக்க இவனுகள் ஆர்?" என்று டிரம்ஸ்காரன் குதித்தான்.

கிற்றார்காரன் ஒரு பாட்டுக் கட்டினான். 'எங்கட மையத்த எங்களுக்குத் தா' என்ற ஒற்றை வரிதான், திரும்பத் திரும்ப. எரிப்பதை எதிர்த்து வேலிகளில் கஃபன்போல வெள்ளைத் துணி கட்டி ஊரே ரோட்டுக்கு வந்த நாளில் அதைப் படித்தோம். எங்களைச் சைத்தானின் கூட்டம் என்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

ஒருவழியாக, மண்ணில் அடக்கலாம் என்று சட்டம் மாறியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரே வந்து, "தம்பி, மைதானத்தில ஒரு புறோகிராம் வைங்க, நாங்க ஒண்டும் சொல்ல மாட்டம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கிற்றார்காரனிடம் சொன்னேன்.

"இனி எல்லாருக்கும் கபுறு கிடைக்கும். என்ட வாப்பாக்கு எங்கடா கபுறு?" என்றான். "நான் இனி அடிக்க மாட்டன்."

பேண்ட் அத்தோடு நின்றது.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பலர் மையவாடிக்குப் போய், தங்கள் ஆட்களின் கபுறடியில் ஸலாம் சொல்லி துஆக் கேட்பார்கள். அவன் மட்டும் நேரே வீட்டுக்குப் போவான். ஒரு வெள்ளி நானும் கூடப் போனேன். அவனுடைய உம்மா, கிற்றார் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று ஏசுகிற மனுஷி. அதனால் அது பின்வளவுக் கொட்டிலில்தான் கிடக்கும். அன்றைக்கு அவரே அதை உள்ளே எடுத்துவந்து, முந்தானையால் தூசி துடைத்து அவன் மடியில் வைத்தார்.

"எல்லாரும் மையவாடிக்குப் போறாங்க. நமக்குப் போக இடமில்ல மனே. வாப்பாட பாட்டப் படி."

அவன் அந்த ஒற்றை வரியை அழுதுகொண்டே படித்தான். முடியும்வரை உம்மா துஆவுக்கு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார்.