நடு வீட்டின் வருமானம்

ஊர்க்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் வருமானக்கா. மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் கணக்கெடுக்கும் வேலை. வருடா வருடம் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிராமம் கிராமமாகப் போய், குடும்பத்துக்கு மாதம் என்ன வருகிறது என்று எழுதி வர வேண்டும். கேட்டால் யார் சொல்வார்கள்? வாசலில் டிராக்டர் நிற்கிற வீட்டில் மூக்கால் அழுவார்கள். ஓட்டைக் கூரைக்காரரோ, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமென்றால் ஜமீன் பேரன் மாதிரி அளப்பார். அந்த ஜம்பமெல்லாம் அவளிடம் பலிக்காது. வருமானத்தை அவள் கேட்கவே மாட்டாள். "போன மாசம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீங்க? இந்தச் செருப்பு எப்ப வாங்கினது?" என்று சுற்றி வளைத்து, உண்மையை அவர்கள் வாயாலேயே வரவழைத்துவிடுவாள்.

"அப்படி என்னதான்க்கா பண்றீங்க அந்த ஆபீஸ்ல?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"ஸ்கூல்ல உயரப்படி நிக்க வைப்பாங்கல்ல, அந்த மாதிரி வீடுகளை வருமானப்படி வரிசையா வைப்போம்டி. சரியா நடுவுல ஒரு வீடு வரும் பாரு, அதோட வருமானம்தான் மாவட்டத்தோட கணக்கு. பணக்காரன் இன்னும் நாலு மாடி கட்டினாலும் நடு வீடு அசையாது."

"எங்க வீடு எங்கக்கா நிக்குது?"

"கடைசிலேர்ந்து எண்ணினா சீக்கிரம் வந்துடும்."

தங்கை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. சிரிக்கத் தெரிந்தவள்தான், சிரிக்கும்படியான வாழ்க்கைதான் அமையவில்லை. வாழ்க்கைப்பட்டது மாவட்டத்தின் கடைக்கோடியில், பேருந்து திரும்புகிற ஊரில். கணவர் செங்கல் சூளையில் வேலை பார்த்துப் பார்த்து நெஞ்சு கெட்டுப் படுத்தவர். வாரம் ஒருமுறை வந்த மருத்துவ வண்டிதான் அவரை உயிரோடு வைத்திருந்தது. அந்த வண்டி ஏழை மாவட்டங்களுக்கு மட்டும். நடு வீட்டின் வருமானம் அரசாங்கம் கிழித்த கோட்டைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும். அதற்காக வருமானக்கா ஒரு காசு குறைத்து எழுதினாளா என்றால், இல்லை. தங்கை வீட்டுக் கோழி முட்டையைக்கூட வரவில் சேர்த்தாள்.

ஒரு வருடம் நடு வீட்டின் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டியது. அதிகாரி நல்ல மனிதர். சந்தோஷம் தாங்காமல் அலுவலகத்துக்கே தேநீரும் பிஸ்கட்டும் வரவழைத்தார். வருமானக்கா பிஸ்கட்டைத் தொடவில்லை. தெருத் தெருவாக நடந்தவள் அவள், யார் வீட்டிலும் புதுச் செருப்பைப் பார்த்த ஞாபகமே இல்லை.

தன் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று பழைய படிவங்களை எடுத்து வீட்டுக்கு வீடு ஒப்பிட்டுப் பார்த்தாள். விலைவாசியைக் கழித்தால் எந்த வீட்டிலும் ஏற்றமில்லை. பிசகும் இல்லை. பிறகுதான் பூட்டிய வீடுகள் நினைவுக்கு வந்தன. கதவில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. வருடா வருடம் அவளே போட்ட குறிகள். அத்தனையும் பிழைக்க வழியில்லாமல் நகரத்துக்குப் போனவர்களின் கதவுகள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் கழன்றுகொள்ள, நடு இடம் தானாக மேலே நகர்ந்திருக்கிறது.

அதிகாரியிடம் ஓடினாள். "யாருக்கும் ஏறல சார். இல்லாதவங்க ஊரை விட்டே போயிட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வாஸ்தவம்தாம்மா. ஆனா போனவங்க இப்ப நம்ம மாவட்டத்துல இல்லையே. இருக்கறவங்க கணக்கு சரியாத்தானே இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஆனாலும் அவர் மேலிடத்துக்கு விளக்கம் எழுதினார். மாவட்டத்தின் வளர்ச்சிக்குப் பாராட்டு என்று பதில் வந்தது.

தங்கை போனில் கூப்பிட்டாள். "நாம முன்னேறிட்டோமாமே? இனிமே வண்டி வராதுன்னு டிரைவர் சொல்லிட்டுப் போறாரு. யாருக்கா முன்னேறினது? எனக்கு மட்டும் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

எத்தனையோ பேர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்த வருமானக்கா, போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடம் பேருந்து திரும்புகிற ஊருக்குப் போனபோது தங்கை வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்துப் போய்விட்டிருந்தார்கள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். பிறகு கதவில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்த வருடமும் நடு வீட்டின் வருமானம் கூடியிருந்தது. அதிகாரி தேநீர் வாங்கிவரச் சொல்லவில்லை.