ஏரியில் நெஞ்சை நனைத்த வௌவால்

எண்பதுகளில் ஒரு சித்திரை மத்தியானம். காய்ச்சலில் கொதித்த மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்காடு ஏரிக்கரையில் பஸ்ஸுக்காக நின்றேன். காய்ச்சல் உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பது எங்கள் எஸ்டேட் ஜனங்களின் வழக்கம்.

பழந்தின்னி வௌவால் ஒன்று மரத்திலிருந்து ஏரியை நோக்கிச் சரிந்தது. செத்து விழுகிறதென்று பதறினேன். அதுவோ நெஞ்சு மட்டும் நனையத் தண்ணீரை உரசி எழும்பி, மறுபடி கிளையில் தொங்கியது. ஈர ரோமத்தை நக்கிக் குடித்தது. அப்போதுதான் பார்த்தேன், அந்த ஈர நெஞ்சில் ஒரு குட்டி! தாய் இறக்கையால் விசிறிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, அந்தப் பாப்பாவுக்குக் கம்பளி இல்லீங்களா?" என்றாள் மகள்.

கம்பளியைக் கழற்றினேன். முந்தானையை ஏரியில் நனைத்து அவளைத் துடைத்து விசிறினேன். பஸ் வந்தபோது என் ஈர நெஞ்சில் ஒட்டியபடியே தூங்கியிருந்தாள்.

இன்றும் வௌவாலைக் கண்டால், என்னைவிட மூத்த தாய் என்றே தோன்றுகிறது.