கோட்டைக் கதவும் கோர்ட்டுக்கு வந்த ஆடும்

என் வீட்டுக்காரர் நுமைர் பெரிய தளபதி. பாரசீகக் கோட்டைக் கதவை மூணே நாள்ல பெயர்த்தவர். கிடைச்ச பொருளைச் சீட்டுப் போட்டுப் பங்கு பிரிச்சாங்க. ஒருத்தனுக்கு வெள்ளிக் கிண்ணம், ஒருத்தனுக்குக் கம்பளம். இவருக்கு விழுந்தது அந்தக் கதவு! ஒட்டகத்து மேல ஏத்தி இருபது நாள் நடந்து கொண்டாந்து, "லுபைனா, உனக்குத்தான்"னு நின்னார். நாங்க அப்போ கூடாரத்துல இருந்தோம். கூடாரத்துல எங்கே மாட்டுறது அதை?

பிறகு இந்த ஆத்தங்கரைப் பாளையத்துக்கு இவரை ஆளுநரா போட்டாங்க. மண்சுவர் வீடு. அப்பாடா, கதவு மாட்டலாம்னு பார்த்தா, மதீனாவுல இருக்கற கலீஃபாகிட்டேருந்து கட்டளை: ஆளுநர் வீட்டுக்குக் கதவே கூடாது. வழக்கு உள்ளவன் நேரா உள்ளே வரணும். கோட்டைக் கதவு சுவர்ல சாஞ்சு கிடந்தது.

வந்தாங்க பாருங்க ஜனங்க! நான் தலை சீவும்போது ரெண்டு பேர் ஒரு ஆட்டுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்க. சாட்சிக்கு அந்த ஆட்டையே கூட்டிட்டு வந்திருந்தாங்க. அது என் மாவைத் தின்னுச்சு. இன்னொருத்தன் எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, "ஆளுநர் வீட்டு ரொட்டி கல்லு மாதிரி இருக்கு"ன்னு எங்க மேலயே புகார் சொன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"ஏங்க, கதவு மாட்டுங்க. இல்லேன்னா நான் எங்க ஆளுங்களோட கூடாரத்துக்கே போறேன்"னேன்.

"கட்டளைம்மா. நான் என்ன பண்ணுவேன்?"

சரி, பார்க்கிறேன்னு மறுநாள் வாசல் வழியா வெளியே போய், வழக்குக்காரங்க வரிசையில நின்னு உள்ளே வந்தேன்.

"யார் மேல வழக்கு?"ன்னார், முகத்தை விறைப்பா வச்சுக்கிட்டு.

"ஆளுநர் மேல."

"அவர் என்ன சொல்றார்?"

"அதை நீங்கதானே சொல்லணும்!"

அன்னிக்கும் வந்திருந்த ஆட்டுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இவர் மட்டும் சிரிக்கல. "எதிராளி மேலதான் தப்பு"ன்னு தீர்ப்புச் சொல்லி, பதவி வேண்டாம்னு மதீனாவுக்கு எழுதிட்டார். பாவி மனுஷன், நான் கேட்டது கதவு மட்டும்தான்.

புது ஆளுநர் தெருக்கோடியில குடி வந்தார். நாங்க கதவை மாட்டினோம். நான் ஆசை தீரச் சாத்தினேன். ஒரு மாசம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. மொத்தக் கூட்டமும் தெருக்கோடிக்குப் போயிடுச்சு. இவர் கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதி தட்டுலயே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்துல யாரோ கதவைத் தட்டினாங்க.

"யாரு?"

"வழக்கு இருக்கு."

திறந்தேன். இவர்தான் நிக்கிறார். கையில கயிறு, கயித்துல என் மாவைத் தின்ன அந்த ஆடு.

"என்ன வழக்கு?"

"இந்த வீட்டுல இருக்கறவரைத் தேடி யாருமே வர்றதில்லைங்க."

"சாட்சி?"ன்னேன்.

ஆட்டைக் காட்டினார். ரெண்டு பேரையும் உள்ளே விட்டேன். கதவைச் சாத்தல.