அபராதம் கேட்ட கண்டக்டர்

மெல்பர்னில் டிராம் நடுரோட்டில் நிற்கும். நாம் இறங்கி நடைபாதைக்குப் போய்ச் சேரும்வரை பின்னால் வரும் கார்கள் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருக்கும். அது இங்கே சட்டம். வந்து எட்டு வருடமாகியும் என் கைக்கு மட்டும் அந்தச் சட்டம் புரியவில்லை. ஏற்கெனவே நின்றுவிட்ட கார்களைப் பார்த்து, தி.நகர் பஸ் நிலையத்துக்கு எதிரே ரோட்டைக் கடப்பதைப்போல, உள்ளங்கையை நீட்டிக்கொண்டேதான் கடக்கிறேன். ஒரு முறை காருக்குள்ளிருந்த பெரியவர் ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார். நான் வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டார்போல.

இந்த ஊருக்கு என் அப்பா மூன்று மாத விசாவில் வந்தார். நைனா என்றுதான் கூப்பிடுவேன். மந்தைவெளிக்காரர். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். டிரைவர் கீழே இறங்கி வந்து நைனாவின் பெட்டியைத் தூக்கப் போனார். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைப் பிடித்து இழுக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர் விடுவாரா? “வேணாம்ப்பா, வுடு” என்று இந்தப் பக்கம் இழுத்தார். டிரைவர் சிரித்தபடி அந்தப் பக்கம் இழுத்தார். அவர்தான் டிரைவர் என்று நான் நடுவில் புகுந்து சொன்ன பிறகும் நைனா நம்பவில்லை. “டிரைவர் எதுக்குமா மூட்டை தூக்குறாரு? கண்டக்டர் இன்னா பண்றான்?”

கண்டக்டரே கிடையாது என்ற செய்தியை மறுநாள் டிராமில் வைத்துத்தான் மெதுவாகச் சொன்னேன்.

“அப்போ டிக்கெட்டு?”

“இந்த அட்டையை அந்த மிஷின்ல வெச்சா போதும், நைனா.”

“வெக்காம போய்க்கினே இருந்தா?”

“எப்பவாவது செக்கிங் வரும். மத்தபடி நம்பிக்கைதான்.”

“இன்னாடி பெரிய நம்பிக்கை? நம்ம பஸ்ல முன்னாடி ஏறுன அம்மா காசு குடுத்தா பத்து பேரு கைமாறி பின்னாடி எங்கிட்ட வரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே பத்து பேரு கையில திரும்பிப் போவும். ஒருத்தனும் நடுவுல பாக்கெட்ல போட்டதில்ல.”

எட்டு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் நாணயத்தைப் போனில் அவரிடம் புகழ்ந்து தள்ளியவள் நான்தான்.

இரண்டாவது வாரம் தனியாகக் கிளம்பிவிட்டார். நகர மையத்துக்குள் டிராம் இலவசம், அட்டையை எடுக்கவே வேண்டாம், எல்லையைத் தாண்டுகிறதென்றால் மட்டும் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தினமும் சுற்றிவிட்டு வந்து புகார் வாசிப்பார். உள்ளே இவ்வளவு இடம் இருக்கும்போது எல்லோரும் கதவருகிலேயே நிற்கிறார்களாம். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒரு வியாழக்கிழமை, நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்குப் போன் வந்தது. அவருடைய எண்ணிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞனின் குரல். டிக்கெட் பரிசோதகராம்.

“பயப்பட ஒன்றுமில்லை. இலவச எல்லை முடிந்ததை உங்கள் அப்பா கவனிக்கவில்லை. எல்லோரையும் உள்ளே நகரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர், பரவாயில்லை என்று நாங்கள் சொல்லிவிட்டோம். ஆனால் அவர் தனக்கு அபராதம் போட்டே ஆக வேண்டும் என்கிறார்.” சற்றுத் தயங்கிவிட்டு, மரியாதையான குரலில் கேட்டான்: “அவர் பெரிய இசைக்குழு நடத்தியவரா? முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தாராம். தினமும் நூறு பேர் எழுந்து நின்றார்களாம்.”

இசைக்குழுவை நடத்துகிறவருக்கும் ஆங்கிலத்தில் கண்டக்டர் என்றுதான் பெயர். எவரிடே ஹண்ட்ரட் பீப்பிள் ஸ்டேண்டிங் என்று நைனா சொல்லியிருப்பார். மாலை நேரத்து மயிலாப்பூர் பஸ்ஸைச் சொன்னார் பாவம்.

நைனா போனை வாங்கினார். “எழுதச் சொல்லும்மா. அன்னிக்கு ஒன்ன எறக்கி வுட்டேன்ல? எனக்கு இன்னா சலுகை?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லூரி முதல் வருடம், பாஸை வீட்டில் மறந்துவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். அப்பா பஸ்தானே என்ற தெனாவட்டு. கையில் காசும் இல்லை. தோழிகள் பார்க்க, லஸ் முனையில் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, “பாஸ் இல்லன்னா எறங்கும்மா” என்றார், யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வதைப்போல. பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினேன், ஆனால் அதைப்பற்றி மட்டும் இருவருமே பேசியதில்லை.

போன் மறுபடி பரிசோதகரிடம் போனதும் சொன்னேன்: “அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டுவிடுங்கள்.”

“வயதானவரையா?”

“ஆமாம். அவருக்கு அதுதான் திருப்தியாக இருக்கும்.”

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். நிறுத்தத்துப் பெஞ்சில், குளிர்காற்றில் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. “நல்ல பையன். கை குடுத்து எறக்கி வுட்டான்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு டிராம் வந்து போயின.

“அன்னிக்கு நீ லஸ்ஸிலருந்து எப்டி போன?”

“நடந்துதான்.”

“வெய்யிலு இல்ல?”

“ஆமா நைனா. நல்ல வெய்யில்.”

“ஒரு டிக்கெட்டு நானே எட்த்துக் குட்த்திருக்கலாம்” என்றார் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு. “தோணவே இல்லம்மா.”

நான் அவர் மஃப்ளரைச் சரிசெய்தேன். வேறென்ன செய்ய? பிறகு கேட்டார்: “நம்ம வூடு எந்தப் பக்கம் கீது?”

யோசிக்காமல் கிழக்கே, எங்கள் குடியிருப்புப் பக்கம் கையைக் காட்டினேன்.

“அதில்லடி. மந்தைவெளி.”

கையை இறக்காமல் அப்படியே வடமேற்காகத் திருப்பிக்கொண்டு போனேன், சரியான இடம் தெரியாமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமென்று. தூரத்தில் வந்த டிராம், தன்னை நிறுத்தத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து எங்கள் முன்னால் வந்து நின்று கதவைத் திறந்தது.